கிராணி வீட்டுக் காப்பியில் மண்ணெண்ணெய்

எனக்கு எண்பத்தெட்டு வயது. ஏழு பேரை வளர்த்தேன். கையெழுத்து மட்டும் போடத் தெரியும். மற்றதை நான் சொல்ல, பேத்தி எழுதுகிறாள். பத்திரிகையில் வாரா வாரம் படிக்கிற உங்களுக்கு இது தெரிந்ததுதான்.

போன செவ்வாய்க்கிழமை புக்கிட் ரோத்தானில் என் மூத்த மகன் கட்டுகிற வீட்டைப் பார்க்கப் போனேன். கான்ட்ராக்டர் பிளானை விரித்தார். நல்ல தடித்த தாள். கிணறு இங்கே, கக்கூஸ் தொட்டி அங்கே என்று விரல் வைத்துக் காட்டினார்.

"மழை பெஞ்சா தண்ணி எந்தப் பக்கம் ஓடும்?" என்று கேட்டேன்.

"பாட்டி, உங்களுக்கு பிளான் படிக்கத் தெரியுமா?"

"தெரியாது. நீங்க படிச்சுச் சொல்லுங்க."

அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்தத் தாளில் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. இதில் என் மகன் வேறு, "கையெழுத்துப் போட்டாச்சு லா, விடுங்கம்மா" என்கிறான்.

யார் சொல்வது... அவன்!

வெள்ளைக்காரன் ஆட்சியில் போட்ட அவசரகாலத்தில் அவனுக்கு ஒன்றரை வயது. அப்போது எனக்கு அவன் ஒருவன்தான். ரப்பர் தோட்டத்தில் அங்கங்கே கிடந்த எங்கள் லயத்து வீடுகளைப் பிரித்து, ஒரே இடத்தில் நெருக்கிக் கட்டி, சுற்றி முள்கம்பி போட்டார்கள். காட்டுக்குள் ஒளிந்து சண்டை போடுகிற கொம்யூனிஸ்டுகளுக்கு நாங்கள் அரிசி கொடுத்துவிடக் கூடாதாம். கம்பியை மிச்சம் பிடிக்க வேண்டும் — அதனால் எல்லாமே ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு நின்றன. கிணறு பள்ளத்தில். அதற்கு மேலே, பத்துத் தப்படி தள்ளி, கக்கூஸ் குழிகள். அதையும் தோட்டத்தை நடத்துகிற துரைதான் தாளில் கோடு போட்டுக் கொடுத்தார். அவர் பங்களா வேறு குன்றில். அங்கே தண்ணீரும் வேறு.

முதல் பெருமழைக்குப் பிறகு பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தது. கடைசி வீட்டுக் குழந்தை நான்கே நாளில் போய்விட்டது. அப்புறம் என் மகனுக்கு ரத்தமாகப் போனது. ஆஸ்பத்திரி டிரெசர் மருந்து கொடுத்துவிட்டு, தண்ணீரைக் கொதிக்க வைக்கச் சொன்னார். கம்பியைத் தாண்டிப் போய் விறகு பொறுக்க யார் விடுவார்கள்?

எங்களை வேலை வாங்குகிற மண்டோரிடம் சொன்னேன். "கக்கூஸ்தண்ணி கிணத்துக்கு வருதுண்ணே."

"தொரை அளந்து போட்ட எடம். நீ வந்து திருத்தப் போறியா? போ, போ, பால் வெட்டப் போ."

விளக்குக்கு மண்ணெண்ணெய் ஊற்றும்போது ஒரு சொட்டு குடத்தில் விழுந்து, மூன்று நாள் தண்ணீர் நாறியது எனக்கு நினைவுக்கு வந்தது. மறுநாள் காலையில் அந்த வார மண்ணெண்ணெய் முழுவதையும் கொண்டுபோய், கிணற்றுக்குப் பக்கத்தில் இருந்த கக்கூஸ் குழியில் கவிழ்த்தேன். மத்தியானம் மழை.

இரண்டாம் நாள் காலை, கிராணி காப்பி டம்ளரோடு ஓடி வந்தார். தோட்டத்துக் கணக்குப்பிள்ளை அவர். அவர் வீடும் கம்பிக்குள்தான், அதே கிணறுதான்.

"யாருடா கிணத்துல மண்ணெண்ணெய் ஊத்துனது? கொம்யூனிஸ்ட் வேலையா? அத்தன பேரும் லாக்கப்புக்குப் போறீங்களா?"

துப்பாக்கியோடு காவல்காரரும் வந்துவிட்டார். என் வீட்டுக்காரர் என் முழங்கையைப் பிடித்து அழுத்தினார். பயமாகத்தான் இருந்தது. கிணற்றைக் கெடுத்தவள் என்று கொண்டுபோய்விட்டால் திரும்பி வருவது யார் கையில்? ஆனால் இடுப்பில் மகன் துணி மாதிரித் துவண்டு கிடந்தான்.

"நான்தான் ஊத்துனேன், ஐயா. ஆனா கிணத்துல இல்ல... கக்கூஸ்ல."

கிராணிக்குப் புரியவில்லை. அவர் மனைவிக்குத்தான் முதலில் புரிந்தது. வாயைப் பொத்திக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் ஓடினார். அப்புறம் கிராணி டம்ளரைப் பார்த்தார். பாதி குடித்திருந்தார்.

துரை வந்தார். வாளியை மோந்து பார்த்தார். மேட்டைப் பார்த்தார். அன்றைக்கே குழிகளை மூடச் சொன்னார். பள்ளத்து ஓரம் இருந்த காவல் கொட்டகை மேட்டுக்குப் போனது, கக்கூஸ் பள்ளத்து ஓரத்துக்கு, கிணற்றுக்கும் கீழே வந்தது. கிணற்றை இறைத்துச் சுண்ணாம்பு போட்டார்கள்; அதுவரை லோரியில் தண்ணீர். முள்கம்பி ஒரு முழம்கூடக் கூடவில்லை. முதலிலேயே செய்திருக்கலாம், இல்லையா?

மகன் பத்து நாளில் எழுந்து உட்கார்ந்தான். மண்டோர் கோபத்தில் அடுத்த வாரத்துக்கு எனக்கு மண்ணெண்ணெய் கொடுக்கவில்லை. இருட்டில் இருந்தோம். பரவாயில்லை.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: கோடு போடுகிறவரும் அதே கிணற்றில் குடித்தால் கோடு சரியாக விழும். கிராணி ஒரு டம்ளர் குடிக்கிற வரைக்கும் எங்கள் பிள்ளைகளின் வயிற்றை யாரும் நம்பவில்லை.

எழுதிட்டியாம்மா? எங்கே, முதல்லேருந்து படி. சத்தமா படி — உங்கப்பா அந்த ரூம்லதான் பிளானை வச்சிக்கிட்டு உட்கார்ந்திருக்கான்.