கூரையில் கீறிய ராசிகள்

போன சனிக்கிழமை கிழக்கு லண்டனில், பார்க்கிங் என்ற ஊரில் ஒரு கலியாணம். எல்லோரும் மணமேடையைப் பார்க்க, நான் மண்டபத்தின் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது என் பழைய வியாதி, விடுங்கள். நீல வானம், பஞ்சு மேகம், சிறகு முளைத்த கொழுத்த குழந்தைகள் என்று பிளாஸ்டிக் தாளில் அச்சடித்து ஒட்டியிருந்தார்கள். ஒரு மூலையில் தாள் பிரிந்து, ஒரு குழந்தையின் கால் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. சாம்பார் வாசனைக்கு நடுவே எங்கிருந்தோ ஈர மரத்தின் மணம் வந்துவிட்டது எனக்கு. லார்க்ஸ் மணம்.

லார்க்ஸ், கிளாஸ்கோவிலிருந்து ரயிலில் ஒரு மணிநேரத் தூரத்துக் கடலோர ஊர். அங்கிருந்த பழைய தேவாலயத்தை எப்போதோ இடித்துவிட்டார்கள். ஒரு பக்கக்கூடம் மட்டும் கல்லறைகளுக்கு நடுவே மிஞ்சி நிற்கிறது. வெளியில் பார்த்தால் சாமான் போடும் கொட்டில் என்றுதான் நினைப்பீர்கள். உள்ளே போய் அண்ணாந்தால், வளைந்த மரக்கூரை முழுக்கப் பூ, பழம், பறவை, பருவகாலக் காட்சிகள். இத்தாலியில் பிறந்த கூரை ஓவிய மோகம் நானூறு வருடங்களுக்கு முன்னர் அந்தக் குளிருக்குள் வந்து சேர்ந்த கதையை நான் மூச்சுவிடாமல் சொல்வேன். அப்போதுதான் மியூசியம் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். கேட்பவர் ஓடும்வரை பேசுகிற வயது.

பல வருடங்களுக்கு முன், அம்மாவும் வாணி அக்காவும் நானுமாக அந்தப் பக்கம் போனது ஓவியம் பார்க்க அல்ல. சுதனைப் பார்க்க. சுதன், அக்கா விரும்பிய கிளாஸ்கோ பெடியன். நல்ல பெடியன், நல்ல வேலை. ஆனால் சாதகத்தில் ரச்சுப் பொருத்தம் இல்லை, கட்டினால் ஒருவர் காலத்துக்கு முந்திப் போய்விடுவார் என்று ஈஸ்ட்ஹாம் சாத்திரியார் சொல்லிவிட்டார். மற்ற அம்மாமார் என்றால் பரிகாரம் செய்துவிட்டுக் கடந்திருப்பார்கள். எங்கள் அம்மா யுத்தத்தில் இடம்பெயர்ந்த இடத்தில், சாதகம் பார்க்காமல் தாலி கட்டிக்கொண்டவர். லண்டனுக்கு வந்து, நாங்கள் பள்ளிக்கூடம் முடிக்குமுன்பே அப்பாவை இழந்தவர். அந்தப் பயத்தோடு யார் வாதாடுவது? பெடியனை ஒருக்கால் நேரில் பாருங்கள் என்று அக்கா கெஞ்சிக் கூட்டிக்கொண்டு போனாள்.

சுதன் எங்களை லார்க்ஸ் கடற்கரைக்குக் கூட்டிப்போனார். மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்க ஒரு இடம் இருக்கிறது என்று கூடத்துக்கு இழுத்துப்போனது நான்தான். பக்கத்து மியூசியத்து ஆள் திறந்துவிட்டார். நனைந்த கோட்டுகளோடு நால்வரும் அண்ணாந்து நின்றோம். நான் விளக்கத்தைத் தொடங்குமுன் அம்மா, மேலே கீறியிருந்த ஆட்டையும் காளையையும் நோக்கி விரலை நீட்டினார்.

“இது மேடம். அங்கால இடபம். இவையளுக்கும் ராசி இருக்கே?”

அம்மாவின் முகம் மலர்ந்ததை அந்தப் பயணத்தில் அப்போதுதான் கண்டேன். சுதனுக்குத் துணிவு வந்திருக்க வேண்டும். அந்தக் கூடத்தை ஒரு பிரபு தன் மனைவிக்காகக் கட்டினார், இருவரும் அந்தத் தரைக்குக் கீழேதான் கிடக்கிறார்கள் என்று நான் சொன்னதும், அவர் சிரித்துக்கொண்டு சொன்னார்: “பாத்தீங்களே அன்ரி, அவையளும் பொருத்தம் பாத்துத்தான் கட்டியிருப்பினம். பாத்தும் சாகாமல் விட்டவையே?”

அம்மா என்னிடம் திரும்பினார். “ஆர் முதல் போனது?”

“மனுசி. அவர் பிறகும் கனகாலம் இருந்தவர்.”

அம்மா கொஞ்ச நேரம் கூரையையே பார்த்தார்.

“பாக்காமத்தான் கட்டியிருப்பார், தம்பி. அவ போனாப்பிறகுதான் மேல பாத்துக்கொண்டு இருந்திருப்பார்.”

சுதன் வாசலுக்குப் போய் மழையைப் பார்த்தார்.

மழை விட்டபின் நடந்தோம். சிப்ஸ் வாங்கினோம், ஆறிப்போனது. அம்மா சுதனிடம் மரியாதையாகத்தான் பேசினார், வேலையைக் கேட்டார், தாய் தகப்பனைக் கேட்டார். கலியாணத்தை மட்டும் கேட்கவில்லை. ஸ்டேஷனில் சுதன் அக்காவிடம், கலியாணத்தை ரெஜிஸ்டர் பண்ணுவம், பிறகு சரிவரும் என்றார். அக்கா மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். “அம்மா ஓமெண்டு சொல்லாமல் நான் வரேலாது” என்றாள். ரயில் வந்தது.

சுதன் மூன்று வருடம் காத்திருந்தார். இப்போது கனடாவில், இரண்டு பிள்ளைகள். அக்கா லண்டனில், செவன் கிங்ஸ் பகுதி வீட்டில் அம்மாவோடுதான். ஆஸ்பத்திரி ஷிப்டுக்குப் போகிறாள், வருகிறாள். அதற்குப் பிறகு வந்த சம்பந்தம் ஒன்றுக்கும் அவள் ஓமென்று சொல்லவில்லை. அந்தச் சாத்திரியாரும் செத்துப்போனார். சாதகத்தை எங்கே வைத்தோம் என்று அம்மாவுக்கே தெரியாது.

போன சனிக்கிழமை அந்தக் கலியாணம் முடிந்து அம்மா வீட்டுக்குப் போனேன். மூவரும் சாப்பிட இருந்தோம். அம்மா சாப்பாட்டுக் கோப்பையைப் பார்த்தபடி மெல்லச் சொன்னார்:

“வாணி, இனி ஒண்டும் பாக்கத் தேவையில்லை பிள்ளை. உனக்குப் பிடிச்ச ஆராவது இருந்தால் சொல்லு.”

இதே வார்த்தைக்காக ஒரு காலத்தில் அக்கா கதவை அடித்துச் சாத்தியிருக்கிறாள், நாள்கணக்கில் பேசாமல் இருந்திருக்கிறாள், படிக்கட்டில் இருந்து அழுதிருக்கிறாள். இப்போது சொதிக் கிண்ணத்தை அம்மாவின் பக்கம் நகர்த்தினாள்.

“ஆறப்போகுது அம்மா, சாப்பிடுங்கோ.”

கோபமாக இல்லை. கோபம் போய் எவ்வளவு காலமோ, அம்மாவுக்கும் எனக்கும் தெரியவில்லை.