சரஸ்வதி பூஜையில் வைத்த கதைப்புத்தகம்

இதை எழுத எனக்குப் பல வருஷம் ஆயிற்று. பேனாவை எடுப்பேன், நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று வைத்துவிடுவேன். சொல்ல வேண்டியதையெல்லாம் அவர்கள் சொல்லி முடித்துவிட்டார்கள். இனி எனக்கென்ன பயம்.

மைசூரில் தசரா கூட்டம் நெரிந்த சமயம். தேவராஜ மொஹல்லாவில் பூ வாங்கி வந்து சரஸ்வதி பூஜைக்கு மணை போட்டேன். அப்போதுதான் காலேஜில் சேர்ந்திருந்த என் மகள் பாடப் புத்தகங்களை அடுக்கி, மேலே ஒரு இங்கிலீஷ் கதைப்புத்தகத்தையும் வைத்தாள். அட்டையில் கொம்பு வைத்த ஒரு உருவம், அதன் எதிரே வெறுங்கையோடு ஒரு பெண்.

பூஜைக்கு வந்திருந்த என் வீட்டுக்காரரின் அண்ணன் அதை எடுத்து ஓரமாகப் போட்டார். வேறு மதத்துக்காரர்கள் பிள்ளைகளை இழுக்க எழுதுகிற புத்தகம் என்றார்.

"சும்னே அட்டையப் பாத்துட்டுச் சொல்லாதீங்க பெரியப்பா. அப்போ பரீட்சைப் புத்தகத்துல மட்டும்தான் சரஸ்வதி இருக்காளா?" என்று கன்னடம் கலந்து கேட்ட மகள், மணையிலிருந்த தன் புத்தகங்கள் அத்தனையையும் எடுத்துவிட்டாள்.

எனக்கு அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. நான் எட்டாவதோடு நின்றவள், இங்கிலீஷ் வராது. கற்பூரத்தைக் கீழே வைத்துவிட்டு, அதில் என்னதான் இருக்கிறது என்று கேட்டேன். சொன்னாள். தண்ணீர் இல்லாத ஊருக்காக ஒரு பெண் காடு மலை தாண்டிப் போகிறாள். வழியில் ஒரு தெய்வம், கூட வந்தவனைப் பலி கொடுத்தால் ஆற்றைத் திறந்துவிடுகிறேன் என்கிறது. இப்படிக் கேட்பது தெய்வமாக இருக்காது என்று அவள் மறுக்கிறாள்.

"அப்புறம்?"

"தெரியாதும்மா. கடைசி அத்தியாயம் இன்னும் படிக்கல. பூஜையில வெச்சுட்டா நாளைக்குத்தானே எடுக்கணும்."

அவள் புத்தகங்களை மணையில் திரும்ப அடுக்கி, அந்தக் கதைப்புத்தகத்துக்கு நானே சந்தனம் குங்குமம் இட்டு எல்லாவற்றுக்கும் மேலே வைத்தேன். பெரியவர் பிரசாதம் வாங்காமல் போய்விட்டார். முடிவு தெரியாமல் தவித்தாலும், விஜயதசமி காலையில் நான் மறுபூஜை முடிக்கும்வரை அவள் அதைத் தொடவில்லை.

ஆனால் மண்டி மொஹல்லாவில் இருக்கும் சொந்தக்காரர்களிடம் போன கதை வேறு. சாமி படத்தை எடுத்துவிட்டு அந்தப் புத்தகத்தைக் கும்பிட்டோமாம். இன்றைக்கும் பஜனைக்குப் போனால், மகள் மதம் மாறிவிட்டாளாமே என்று காதோடு கேட்கிறார்கள். இல்லை என்றால் தலையை ஆட்டிவிட்டு, அடுத்தவரிடம் இன்னும் கொஞ்சம் சேர்த்துச் சொல்கிறார்கள். அவள் கோயிலுக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். சாமி மேல் கோபமில்லை, இவர்கள் முகத்தைப் பார்க்கத்தான் பிடிக்கவில்லை என்கிறாள். நான் யாரிடம் போய் முட்டிக்கொள்வது?

நாலு பேரிடம் சொல்லுங்கள், தாராளமாகச் சொல்லுங்கள். அவள் விடியும்வரை காத்திருந்ததை மட்டும் விட்டுவிடாதீர்கள். எனக்குப் பரிந்துகூட ஒரு வார்த்தை சேர்க்க வேண்டாம். நடந்தது நடந்தபடியே போகட்டும்.