டோக்கன் இருந்தால்தான் பிள்ளை

கிருபாவதி இருபத்தோரு வருஷம் ஒரு பிரசங்கத்தையும் முழுதாகக் கேட்டதில்லை. ஞாயிறு காலை ஒன்பதுக்குச் சர்ச் மணி அடிக்கும்போது அவர் பின்கட்டிடத்தில் இருப்பார். பதினொன்றேகாலுக்கு ஆராதனை முடியும்வரை அங்கேயேதான். பாலர் வகுப்பு அவர் பொறுப்பு. மூன்றிலிருந்து ஆறு வயதுவரை நாற்பது பிள்ளைகள், ஆறு டீச்சர்கள், ஒரு குடம் தண்ணீர்.

கணவர் தயாளன் சர்ச்சுக்குள் மூன்றாவது வரிசையில் தனியாக உட்காருவார். பக்கத்து இடத்தில் தன் பைபிளை வைத்திருப்பார். யாராவது "இடம் காலியாங்க?" என்றால், "ஆளு வருவாங்க" என்பார். வந்ததே இல்லை.

இந்த ஜனவரியில் கிருபாவதி இறந்துபோனார். இது அதற்கு முந்தைய வருஷத்துக் கதை.

வாரநாளில் அவருக்கு வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீசில் தபால் பிரிவில் வேலை. எந்தக் கடிதமும் கையெழுத்தில்லாமல் அவர் மேஜையைத் தாண்டாது. ஆனால் பாலர் வகுப்புச் சட்டத்தை அவர் ஆபீசில் கற்கவில்லை. செருப்பு ஸ்டாண்டில் கற்றார்.

ரொம்ப வருஷத்துக்கு முன், கார்த்திகை தீபத்துக்கு முந்தின ஞாயிறு. ஊர் முழுக்க வெளியூர்க்காரர்கள். வகுப்பு முடிந்ததும் ஒரு சிறுமியை அவள் பெரியப்பா சொல்லாமல் கூட்டிப்போய்விட்டார். பெற்றவள் நாற்பது நிமிஷம் தெருத்தெருவாக அழுதுகொண்டு ஓடினாள். கடைசியில் பஸ் ஸ்டாண்டில் பெரியப்பாவும் பெண்ணும் ஆளுக்கொரு போண்டாவோடு நின்றிருந்தார்கள். எல்லோரும் சிரித்தார்கள். கிருபாவதி சிரிக்கவில்லை.

மறுநாள் காசியிடம் போனார். காசி பக்கத்து வீட்டுக்காரர். பெரிய கோயில் பக்கம் செருப்பு ஸ்டாண்ட் வைத்திருந்தார்.

"காசிண்ணே, பழைய டோக்கன் இருந்தா குடுங்க. ஒரு நம்பருக்கு ரெண்டு."

"சர்ச்சுல செருப்பு ஸ்டாண்ட் போடப் போறியாம்மா? எனக்குப் போட்டியா?"

"புள்ளைங்களுக்குண்ணே. செருப்புக்கே ஒண்ணு செருப்புல, ஒண்ணு ஆள் கையிலனு போடறீங்க. எங்க புள்ளைங்க செருப்பவிடக் கம்மியா?"

அலுமினிய டோக்கன், நடுவில் ஓட்டை. ஒன்று ஊக்கில் கோத்துப் பிள்ளையின் சட்டையில். ஜோடி, கூட்டிவந்தவர் கையில். இரண்டும் சேர்ந்தால்தான் பிள்ளை வெளியே. இரண்டும் பிஸ்கட் டப்பாவுக்குள் விழும்.

ஒருமுறை பாஸ்டரே அங்கியைக் கழற்றாமல் வந்து தன் மகனைக் கேட்டார். "டோக்கன் ஐயா?" என்றார் கிருபாவதி. பாஸ்டர் அங்கிக்குள் கைவிட்டுத் துழாவினார். கடைசியில் டோக்கன் அவர் பைபிளுக்குள் பக்க அடையாளமாக இருந்தது.

மகன் செழியன் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் அளவுக்கருவிகள் பார்ப்பவன். "க்யூஆர் கோடு பண்ணித் தரேம்மா, போன்ல காட்டுனா போதும்" என்றான்.

"போன்ல சார்ஜ் போச்சுனா புள்ளைய யார்கிட்ட குடுக்கறது?"

தகட்டின் ஓரம் கையைக் கிழிக்காதபடி எண்பது டோக்கனையும் அரம் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான்.

போன வருஷம் ஆரம்பத்தில் முழங்கால் போயிற்று. தரையில் உட்காரவே கூடாது என்றார் டாக்டர். பாலர் வகுப்பில் தரையில் உட்காராமல் ஒன்றும் ஆகாது. ஜூனுக்குள் வகுப்பை யாரிடமாவது ஒப்படைக்க வேண்டும், இல்லாவிட்டால் நாற்பது பிள்ளைகளும் பெரியவர்களோடு உட்கார்ந்து கொட்டாவி விட வேண்டியதுதான். டீச்சர்களில் மூன்று பேரைக் கேட்டார். ஒருத்திக்குச் சனிக்கிழமை இரவு டியூட்டி. இன்னொருத்திக்கு மாமியார். மூன்றாமவள் உள்ளதைச் சொன்னாள்: "உங்க இடத்துல உக்காரப் பயமா இருக்கு டீச்சர்."

மீதி டீச்சர்களில் அவர் மனதில் இருந்தது தேவிப்ரியா. நர்ஸ். கீழ்பென்னாத்தூரிலிருந்து கணவன் வல்லரசு, நாலு வயது மகன் நித்திலனோடு பஸ்ஸில் வருவாள். இருபது பிள்ளைகள் ஒன்றாக அழுதாலும் குரல் உயர்த்தமாட்டாள். கிருபாவதி அவளிடம் கேட்கவிருந்த ஞாயிற்றுக்கிழமைதான் எல்லாம் கெட்டது.

அன்று குருத்தோலை ஞாயிறு. பங்குனி பௌர்ணமியும் அன்றே. கிரிவலக் கூட்டத்துக்காகப் பன்னிரண்டு மணிக்குப் பஸ்களைத் திருப்பி விடுவார்கள். பத்து மணிக்கு தேவிப்ரியாவுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து அவசரமாக போன் வந்தது. கைப்பையை எடுத்துக்கொண்டு ஓடினாள். பைக்குள் நித்திலனின் பதினேழாம் நம்பர் டோக்கன்.

ஆராதனை முடிந்து வல்லரசு வாசலில் வந்து நின்றான். நித்திலன் உள்ளே ஓலையை ஆட்டிக்கொண்டு, "அப்பா!" என்று கத்தினான்.

"டோக்கன், தம்பி?"

"அவ பையில போயிடுச்சு டீச்சர். பஸ் போயிடும். அனுப்புங்க."

"டோக்கன் வந்ததும் அனுப்பறேன்."

"என்னைத் தெரியாதா உங்களுக்கு? என் கல்யாணத்துல முதல் பந்தியில உக்காந்து சாப்ட்டீங்க!"

"ரெண்டாவது தடவ பாயசம்கூட வாங்குனேன். டோக்கன் எங்க?"

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். அதுதான் வினை. வல்லரசு முகம் கறுத்தது. இரண்டு மணி நேரம் வெயிலில் வாசலிலேயே நின்றான். தேவிப்ரியா திரும்பிவந்து டோக்கனை நீட்டினாள். பஸ் இல்லை. பிள்ளையைத் தோளில் தூக்கிக்கொண்டு, ஊருக்கு வெளியே பஸ் நிற்கும் இடம்வரை கூட்டத்துக்கு எதிராக இருவரும் நடந்தார்கள்.

ஈஸ்டருக்கு அவர்கள் வரவில்லை. அடுத்த ஞாயிறும் இல்லை. கிருபாவதி போன் பண்ணினார், எடுக்கவில்லை.

"நீ போய் மன்னிப்புக் கேட்டா சட்டம் போயிடும்னு பயப்படறியா?" என்றார் தயாளன்.

"சட்டத்துல தப்பில்ல. வேற எங்கயோ தப்பு. அது இன்னானுதான் தேடறேன்."

தேடிக் கிடைத்ததும் சனிக்கிழமை கீழ்பென்னாத்தூருக்கு பஸ் ஏறினார். வல்லரசு வீட்டு வாசலில் வேர்க்கடலை காயப்போட்டுக் கிளறிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்தான்.

"வாங்க டீச்சர். உள்ள போக டோக்கன் இருக்குதா?"

"இல்ல தம்பி. அதான் வெளியவே நிக்கறேன்."

நின்றார். கால் நடுங்கியது. ஒரு நிமிஷம்கூட அவனால் தாங்க முடியவில்லை. நாற்காலி எடுத்துவந்து போட்டான். உள்ளே திரும்பி, "டீ போடு" என்று குரல் கொடுத்தான்.

"இதுதான் தம்பி," என்றார் கிருபாவதி. "அன்னைக்கு இது எனக்குத் தோணல. புள்ளைய குடுக்காதது தப்பில்ல. நாளைக்கும் குடுக்கமாட்டேன். ஆனா உன்ன வெயில்ல நிக்க வெச்சேன். நாலு பேர் முன்னாடி வேடிக்கை பண்ணேன். நாற்காலி போட்டு, டீ குடுத்து, கூட உக்காந்திருக்கணும். புள்ளைய பாத்துக்கத் தெரிஞ்சது, புள்ளையோட அப்பனைப் பாத்துக்கத் தெரியல."

வல்லரசு கடலையைக் கிளறினான். "பாயசம் மூணு தடவ வாங்குனீங்க. கழுத்துல மாலையோட நான்தான் வந்து ஊத்துனேன்" என்றான்.

தேவிப்ரியா டீயோடு வந்தாள். கிருபாவதி வகுப்பைப் பற்றிக் கேட்டே விட்டார்.

"எடுத்துக்கறேன் டீச்சர். ஒரு கண்டிஷன். நீங்க ஜன்னல் வழியா எட்டிப் பாக்கக்கூடாது. சர்ச்சுக்குள்ள போய் ஐயா பக்கத்துல உக்காரணும்."

"கொஞ்சமா பாத்தா?"

"ஊஹூம்."

ஜூன் முதல் ஞாயிறு, தயாளன் பக்கத்து இடத்திலிருந்து பைபிளை எடுத்தார். கிருபாவதி உட்கார்ந்தார். பின்கட்டிடத்தில் ஒரு குழந்தை அழுதது. "பதினொண்ணாம் நம்பர் புள்ள. பால் பாட்டில் மறந்திருப்பாங்க" என்றார். தயாளன் அவர் கையைப் பிடித்து வைத்துக்கொண்டார். பிரசங்கத்தின் ஐந்தாவது நிமிஷம் கிருபாவதி தூங்கிவிட்டார். அடுத்த வாரமும். அதற்கடுத்த வாரமும்.

ஆவணி பௌர்ணமியும் ஞாயிற்றுக்கிழமை வந்தது. செழியன் ஓசூரிலிருந்து காரில் வந்திருந்தான். மகள் சிந்துஜாவை வகுப்பில் விட்டு, டோக்கனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். வழியடைப்பதற்கு முன் காரை வேங்கிக்கால் பக்கம் நிறுத்திவிட்டு வருகிறேன் என்று போனவன் கூட்டத்தில் மாட்டிக்கொண்டான்.

ஆராதனை முடிந்தது. கிருபாவதி பின்கட்டிடத்துக்கு நடந்தார். வாசலில் தேவிப்ரியா.

"சிந்துஜாவ அனுப்பும்மா."

"டோக்கன் டீச்சர்?"

"செழியன்கிட்ட இருக்குது. என் பேத்திம்மா."

"தெரியும் டீச்சர். டோக்கன்?"

உள்ளேயிருந்து சிந்துஜா, "ஆயா!" என்றாள். கிருபாவதி வாயைத் திறந்தார். மூடினார். அதற்குள் பின்னாலிருந்து யாரோ ஒரு நாற்காலியை அவர் முழங்காலுக்குச் சரியாகக் கொண்டுவந்து போட்டார்கள். வல்லரசு. இன்னொரு கையில் டீ. காத்திருக்கும் பெற்றோருக்கு டீ ஊற்றுவது ஜூனிலிருந்து அவன் வேலை.

"சக்கரை கம்மியா போட்டிருக்கேன் டீச்சர். உக்காருங்க. நேரமாவும்."

செழியன் வந்துசேர ஐம்பது நிமிஷம் ஆயிற்று. சட்டை நனைந்து ஓடிவந்தவன் அம்மாவைத் தூரத்திலிருந்தே பார்த்தான். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, இரண்டாவது டீயை ஊதிக்கொண்டு, வல்லரசு சொன்ன எதற்கோ கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, உங்ககிட்டயே குடுக்கலையா?"

"குடுக்கலடா!" என்றார் கிருபாவதி. பரிசு வாங்கியவர்போல எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். "என்கிட்டயே குடுக்கல!"

செழியன் டோக்கனை நீட்டினான். தேவிப்ரியா அதையும் சிந்துஜாவின் சட்டையிலிருந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நம்பரைப் பார்த்தாள். இருபத்து மூன்று. இருபத்து மூன்று. இரண்டும் பிஸ்கட் டப்பாவுக்குள் விழுந்தன. பிள்ளை வெளியே ஓடிவந்தது.