பாப்பாரப்பட்டிச் சந்தையில் எடுத்த முதல் ஷாட்

மொரப்பூர் ஸ்டேஷன் பெஞ்சில் என்னை உட்கார வைத்து, "இங்கயே இரு, தண்ணி வாங்கியாறேன்" என்று போன என்னைப் பெற்றவள் திரும்பி வரவில்லை. பிறகு போலீஸ், தருமபுரியில் ஒரு காப்பகம். அடுத்த வருஷம் அதிகாரிகள் என்னைப் பாப்பாரப்பட்டிக்குப் பக்கத்தில் தக்காளி போட்டிருந்த ஒரு குடும்பத்தில் வளர்ப்புப் பிள்ளையாகச் சேர்த்தார்கள். அந்த வீட்டுக்காரியை அத்தை என்று கூப்பிடச் சொன்னார்கள். அத்தை அதிகம் பேசமாட்டாள். ஆனால் கிணற்றடிக்குப் போனாலும் என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போவாள்.

நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது, ஒரு சந்தை நாளில் சினிமாக்காரர்கள் வந்திருந்தார்கள். கூட்டத்தில் தொலைந்துபோன குழந்தை அழுகிற காட்சி. நடிக்க வந்த குழந்தைக்குக் காய்ச்சல். மாற்று ஆள் தேடி வந்த உதவி இயக்குநர் எங்கள் தக்காளிக் கூடைகளுக்கு முன்னால் நின்று என்னையே பார்த்தார்.

"புள்ளைய எங்ககிட்டச் சேத்துவிட்ட ஆபீசுல கேக்காம நாங்க எதும் பண்ணக் கூடாதுங்க" என்றாள் அத்தை.

"ரெண்டே நிமிஷம்மா. 'அம்மா'ன்னு அழணும், அவ்ளோதான்."

நான் முந்தானையைப் பிடித்து இழுத்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் அத்தை சம்மதித்தாள். "அந்தப் புளி மூட்டைகிட்டயே நிக்கிறேன். என்னையப் பாத்துக்கிட்டே பண்ணு கண்ணு."

எனக்கு அழுகை வரவில்லை. கண்ணில் மருந்து விட்டார்கள். கண் எரிந்தது, வாய் சிரித்தது. இயக்குநர் வெயிலையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். உதவி இயக்குநர் அத்தையிடம் போய், டைரக்டர் பேசணுமாம் என்று சொல்லி வேனுக்குப் பின்னால் அழைத்துப் போனது எனக்குத் தெரியாது. வேறொருவர் என்னை வாழைப்பழக் கடைப் பக்கம் பார்க்கச் சொன்னார். திரும்பியபோது புளி மூட்டைக்குப் பக்கத்தில் யாரும் இல்லை.

நான் அசையவில்லை. நகர்ந்துவிட்டால் தேடி வருகிறவர்களுக்கு என்னைக் கண்டுபிடிக்க முடியாது என்று தோன்றியது. காதில் சந்தைச் சத்தம் அடங்கியது. தொடை வழியாகச் சூடாக ஏதோ இறங்கியது. அப்புறம்தான் கத்தினேன். "அத்தே!"

அத்தை வேனைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்தாள். காமிராவுக்குக் குறுக்கே, வெளிச்சத்துக்காகப் பிடித்திருந்த வெள்ளை அட்டையைத் தள்ளிவிட்டு வந்து என்னைத் தூக்கிக்கொண்டாள். சுற்றிலும் கைதட்டினார்கள்.

"பிரமாதம்" என்றார் இயக்குநர். "அத்தையை டப்பிங்ல அம்மான்னு மாத்திக்கலாம். கிட்டப் போய் இன்னொண்ணு எடுத்துடலாம்."

கைதட்டல் கேட்டதும் என் அழுகை நின்றுவிட்டது. இன்னொன்றுக்கு நான் தயார்.

"போதுங்க" என்றாள் அத்தை.

"குழந்தையே ஆசைப்படுதேம்மா."

"இன்னொருக்கா என்னால மறைய முடியாதுங்க. புள்ளைய வுடுங்க."

அவள் இடுப்பிலிருந்து திமிறினேன். "என்னைய நடிக்க வுடு, நான் நல்லா நடிச்சேன்" என்று தோளில் குத்தினேன். அவள் நடையை நிறுத்தவில்லை. தக்காளிக் கூடைகளை அடுத்த கடைக்காரியிடம் விட்டுவிட்டு பஸ் ஏறினோம்.

பிற்காலத்தில் நான் நடிகையானேன். சீரியல்கள், பிறகு சில படங்கள். அழும்போதே வெளிச்சம் எங்கே விழுகிறது, காமிரா எந்தப் பக்கம் நிற்கிறது என்று மனம் ஒரு ஓரத்தில் கவனித்துக்கொண்டிருக்க வேண்டும். அந்தத் தொழிலைக் கற்றுக்கொள்ள எனக்குப் பல வருஷங்கள் ஆயின. சந்தையில் எனக்குக் காமிராவின் நினைவே இல்லை.

ஆனால் அன்று பஸ்ஸில், பெரிய நடிகையாகப் போகிற என் வாழ்க்கையை அத்தை கெடுத்துவிட்டாள் என்ற கோபத்தில் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி வைத்திருந்தேன். ஈரப் பாவாடையோடிருந்த என்னை அத்தை மடியிலேயே வைத்திருந்தாள். பக்கத்தில் இடம் காலியாகியும் இறக்கி விடவில்லை. நான் நடிக்கவே இல்லை என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை.