மெஸ் மேஜைக்கு வந்த யுத்தம்

கப்பலில் சமையலறைக்குப் பெயர் கேலி. பொருத்தமான பெயர்தான். என் சமையலைக் கேலி செய்யாத அதிகாரி ஒருவர்கூடக் கிடையாது. கடற்கரை ஊரான கடியப்பட்டணத்தில் பிறந்த எனக்கு மீன் பொரிக்கத் தெரியாது என்று சொன்ன நார்வேக்காரரையும் பார்த்தாயிற்று. கப்பலில் சீஃப் குக்காகப் போக நினைக்கும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். ரெசிப்பி எதுவும் இல்லை. ஒரு யுத்தம் இருக்கிறது.

1. தனி மேஜை

உக்ரைன் யுத்தம் தொடங்கிய அன்று நாங்கள் அட்லாண்டிக்கில் இருந்தோம். பிரேசிலில் மக்காச்சோளம் ஏற்றிக்கொண்டு எகிப்துக்குப் போகிற பல்க் கேரியர். சீஃப் இன்ஜினியர் மிகோலா உக்ரைன்காரர். செகண்ட் ஆபீசர் அந்திரேய் ரஷ்யாக்காரர். ஒருவர் தட்டிலிருந்து மற்றவர் எடுத்துத் தின்கிற அளவுக்குச் சிநேகம்.

அன்று காலை மிகோலா செல்போனைப் பார்த்தபடியே மெஸ்ஸுக்குள் வந்தார். அந்திரேய் எழுந்து ஏதோ சொல்லப் போனார். மிகோலா தட்டை எடுத்துக்கொண்டு மூலை மேஜைக்குப் போய்விட்டார். அவ்வளவுதான். பீரங்கி, டாங்கி எதுவும் இல்லாமல் எங்கள் கப்பலில் யுத்தம் ஆரம்பித்தது.

கேப்டன் கிரேக்கர். பதறியடித்துக்கொண்டு கேலிக்கு வந்தார்.

“குக், இனிமே அவங்க ரெண்டு பேருக்கும் வேற வேற நேரத்துல சாப்பாடு. கத்தியெல்லாம் பூட்டி சாவிய எங்கிட்ட குடு.”

“கத்தியப் பூட்டினா கோழிய எத வச்சு சார் வெட்டுறது?”

“எங்கிட்ட கேட்டு வாங்கு.”

அதன்பிறகு தினமும் காலையில் நான் மேல்தட்டில் கேப்டன் இருக்கும் பிரிட்ஜ் வரைக்கும் ஏறிப்போய்க் கத்தி கேட்டேன். கப்பலை ஓட்டுகிற மனிதர் என் வெங்காயத்தையும் சேர்த்துக் கண்காணித்தார். ஃபிட்டர் சாகுல் குளச்சல்காரன், கப்பலில் எனக்குத் தமிழ் பேச இருந்த ஒரே ஆள். அவனுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

“அண்ணே, இவனுவளுக்க சண்டைக்கு நம்ம வெங்காயம் என்ன பாவம் செய்துது?”

2. கம்பெனி தந்த கார்டு

மிகோலாவின் அம்மா ஒரு சின்ன ஊரில் தனியாக இருந்தார். குண்டு விழ ஆரம்பித்ததும் ஊரே கிளம்பிவிட்டது. கிழவி மட்டும் இரண்டு ஆடுகளை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டது. மிகோலா ஓயாமல் போன் போட்டார். கப்பலில் இன்டர்நெட்டுக்கு ஆளுக்கு மாதம் ஒரு கார்டுதான் தருவார்கள். அவருடையது சீக்கிரமே தீர்ந்துபோயிற்று.

மறுநாள் அந்திரேய் கேலிக்கு வந்து தன் கார்டை அரிசி மூட்டைமேல் வைத்தார்.

“இத மிகோலாவுக்குக் குடு. கம்பெனி எக்ஸ்ட்ராவா தந்ததுன்னு சொல்லு.”

“நீங்களே குடுக்கலாமே சார்?”

“நான் குடுத்தா கடல்ல எறிவான்.”

கொண்டுபோய்க் கொடுத்தேன். மிகோலா என்னை மேலும் கீழும் பார்த்தார். “இந்தக் கம்பெனியா? சும்மாவா?” டாய்லெட் பேப்பருக்குக்கூடக் கணக்குக் கேட்கிற கம்பெனி அது. ஆனால் கார்டை வாங்கிக்கொண்டார். அது தீர்ந்ததும் சாகுல் தன்னுடையதை நீட்டினான்.

“கொண்டு குடுங்கண்ணே. எனக்க பொண்டாட்டி கொஞ்ச நாளு என்னைத் திட்டாம இருக்கட்டு.”

3. கசகசா

எகிப்துக்கு வெளியே நங்கூரம் போட்டுக் காத்துக் கிடந்தபோது அந்தச் செய்தி வந்தது. மிகோலாவுடைய அம்மாவின் போனைப் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் எடுத்தார். வீடு இல்லை, அம்மாவும் இல்லை. மிகோலா கேபினுக்குள் போய்க் கதவைச் சாத்தினார். நான் கொண்டுபோன சாப்பாடெல்லாம் அப்படியே திரும்பி வந்தது.

அந்திரேய் கேலிக்கு வந்து கையைக் கழுவிக்கொண்டு நின்றார். இறந்தவர்களுக்காக ரஷ்யாவிலும் உக்ரைனிலும் ஒன்று செய்வார்களாம். முழுக் கோதுமையை வேகவைத்து, தேனும் உலர்திராட்சையும் சேர்ப்பது. என்னிடம் முழுக் கோதுமை இல்லை. அரிசியிலும் செய்யலாம் என்றார். அடுப்புப் பக்கம் என்னை விடவில்லை. சாகுல் எட்டிப் பார்த்தான்.

“இது நம்ம பாயாசம் வத்திப்போன மாதிரியில்லா இருக்கு.”

கிண்ணத்தை நான்தான் கொண்டுபோனேன். மிகோலா மோந்து பார்த்தார்.

“இது நீ செஞ்சதில்ல.”

“நான்தான் சார்.”

ஒரு ஸ்பூன் வாயில் போட்டார். மென்றுகொண்டே இருந்தார். பிறகு சொன்னார்: “இதுல கசகசா போடணும். அந்த மடையன்கிட்ட போய்ச் சொல்லு.”

போய்ச் சொன்னேன். அந்திரேய்க்கு முகம் சிவந்துவிட்டது. “கசகசாவா? எங்க வீட்டுல போடமாட்டோம்!” என்று கத்திக்கொண்டே, கதவைக்கூடத் தட்டாமல் மிகோலாவின் கேபினுக்குள் நுழைந்தார். யுத்தம் தொடங்கியபின் இருவரும் நேருக்கு நேர் பேசியது அப்போதுதான். பேசியது என்ன, கூரை பிய்கிற கூச்சல்.

“அண்ணே, கத்தி கேப்டன்கிட்டதான இருக்கு?” என்றான் சாகுல்.

“ஆமாலே மக்கா.”

“அப்ப பயமில்ல.”

கூச்சல் சட்டென்று நின்றது. பிறகு ஓர் அழுகைச் சத்தம். இருவரில் யாருடையது என்று தெரியவில்லை. நாங்கள் அங்கே நிற்காமல் வந்துவிட்டோம். கிண்ணம் காலியாகத் திரும்பியது.

அடுத்த நாள் அவர்கள் ஒரே மேஜையில் உட்காரவில்லை. அடுத்தடுத்த மேஜையில் உட்கார்ந்தார்கள். கேப்டன் கத்திச் சாவியை என்னிடம் தந்துவிட்டுப் போனார்.

4. ஒரே ஒரு போட்டோ

எகிப்தில் இருவரும் கான்ட்ராக்ட் முடிந்து சைன் ஆஃப் செய்து அவரவர் நாட்டுக்குப் போனார்கள். மிகோலா ஊரில் ஆஸ்பத்திரிகளுக்கு ஜெனரேட்டர் பழுதுபார்த்தார். எப்போதாவது எனக்கு வாட்ஸப்பில் கட்டைவிரல் அனுப்புவார். நான் ரிட்டையர் ஆகி வீட்டுக்கு வந்தபிறகும் யுத்தம் ரிட்டையர் ஆகவில்லை.

ஒருநாள் அவர் நம்பரிலிருந்து நீளமான செய்தி வந்தது. எழுதியது அவர் மகள். ஜெனரேட்டர் வேலைக்குப் போன இடத்தில் குண்டு விழுந்து அப்பா இறந்துவிட்டார், அவர் போனில் எங்கள் படங்கள்தான் இருக்கின்றன, பாட்டி வீட்டோடு ஆல்பங்களும் போய்விட்டன, உங்களிடம் அப்பாவின் படம் ஏதாவது இருக்கிறதா?

என்னிடம் ஒன்றுதான் இருந்தது. பிரேசிலுக்குப் போகும் வழியில் பூமத்திய ரேகையைத் தாண்டியபோது கப்பல்காரர்கள் வழக்கப்படி கூத்தடித்தோம், அப்போது எடுத்தது. மிகோலாவும் அந்திரேயும் முகமெல்லாம் கிரீஸ் பூசி, தலையில் தரை துடைக்கும் மாப்பைக் கவிழ்த்து, அரைக்கால் சட்டையோடு வாயைப் பிளந்து சிரிக்கிறார்கள். என் மனைவி ஸ்டெல்லா பார்த்துவிட்டு நெஞ்சில் கைவைத்தாள்.

“சாவு வீட்டுக்கு அனுப்புற படமா இது? அந்த ரஷ்யாக்காரனையாவது வெட்டிக் களைஞ்சிட்டு அனுப்புங்க. அந்தப் பிள்ளைக்க மனசு என்ன பாடு படும்?”

வெட்டிப் பார்த்தேன். அந்திரேயின் கை மிகோலாவின் கழுத்தைச் சுற்றியிருந்தது. ஆளை எடுத்தால் கை மட்டும் தோளில் தொங்கியது. முழுதாகவே அனுப்பிவிட்டேன்.

நீல டிக் விழுந்தது. வெகுநேரம் கழித்து மகள் கேட்டாள்: பக்கத்தில் இருப்பவர் யார்?

அப்பாவின் சிநேகிதர், ரஷ்யாக்காரர் என்று எழுதினேன். கெடுத்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன். சாயங்காலம் பதில் வந்தது: அப்பா இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அப்பா இறந்தது இவருக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் நீங்கள் சொல்லிவிடுங்கள்.

அந்திரேய்க்குப் போன் செய்து சொன்னேன். அவர் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை.

பிள்ளைகளே, கப்பலில் ஏறினால் நீங்கள் சமைத்ததைப் போட்டோ எடுத்துக்கொண்டிருக்காதீர்கள். அதைத் தின்கிறவர்களை எடுங்கள். அவர்கள் கோமாளி மாதிரி நின்றாலும் பரவாயில்லை.