ஈசானிய மூலைக்கு வைத்த வாட்டம்

இதை எழுதலாமா என்று பல வருஷம் தயங்கினேன். அண்ணாமலையார் காலடியில் குடியிருந்துகொண்டு கூடப் பிறந்தவரைப் பற்றிக் குறை சொல்லலாமா என்று மனசு தடுத்தது. அண்ணன் போய்ச் சேர்ந்த பிறகும் அந்த நிலவறைத் தரை கண்ணை விட்டுப் போகவில்லை.

எழுபதுகளின் கடைசி. எங்கள் வீட்டுக்குக் கீழே அப்பா கட்டிய நிலவறை, அண்ணனுக்கும் எனக்கும் பொது. கான்கிரீட் தரை மேடும் பள்ளமுமாகக் கிடந்தது. அதைச் சமன் செய்து கடப்பாக் கல் பாவினால், கார்த்திகை தீபத்துக்கு விற்கக் கற்பூரமும் திரியும் வாங்கி அடுக்கலாம் என்று எனக்கு ஆசை. மேஸ்திரி மேடுகளை உளியால் கொத்தினார். மட்டம் பார்க்க, தண்ணீர் நிரப்பிய டியூபின் ஒரு முனையை என்னிடம் தந்தார். மறுமுனை அண்ணன் கையில். இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே உயரத்தில் நின்றது. அண்ணன் தம்பி என்றால் இப்படித்தான் இருக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

"மட்டமா இன்னாத்துக்கு? ஈசானிய மூலை தாழ்ந்திருக்கணும், அங்கதான் சாமி வாசம். நாலு விரக்கடை வாட்டம் வையுங்க மேஸ்திரி" என்றார் அண்ணன்.

"மழைக்கு ஊத்து கெளம்புற அறைங்க. தண்ணிக்குச் சாமியெல்லாம் தெரியாது, பள்ளந்தான் தெரியும்" என்றார் மேஸ்திரி.

"நீங்க கலவையப் பாருங்க."

சாமி பெயரைச் சொன்ன பிறகு நானும் தலையாட்டினேன்.

கல் பாவி முடித்ததுமே அண்ணன் பாகம் கேட்டார். அறையின் நடுவே சுவர் எழும்பியது. அதன் அடியில் ஒரு துவாரம் விட்டிருந்தார்கள். எதற்கென்று எனக்குத் தோன்றவில்லை. "பக்திமான் நீ. சாமி மூலை ஒனக்குத்தாண்டா" என்றார். நான் அவர் காலில் விழுந்து எழுந்தேன்.

ஐப்பசி மழையில் ஊற்று கிளம்பியது. அண்ணன் பக்கத்துத் தண்ணீரும் துவாரம் வழியாக என் பக்கம் வந்து நின்றது. தீபத்துக்கு வாங்கிய சரக்கு அத்தனையும் ஊறிப்போயிற்று. அவருடைய அரிசி மூட்டைகளில் ஈரமே இல்லை.

"அண்ணா, பாகம் கேக்கணும்னு வாட்டம் வெச்சப்பவே நெனச்சிட்டீங்களா?"

"போடா. ஈசானியத்துல தண்ணி நின்னா லட்சுமி கடாட்சம்" என்றார், முகத்தைப் பார்க்காமல்.

கீழே என் வீட்டுக்காரி தண்ணீரை மொண்டுகொண்டிருந்தாள். "ஏங்க, லட்சுமி ஜாஸ்தியா வந்துட்டாங்க. நீங்களும் ஒரு பானை எடுத்துக்கினு வாங்க" என்றாள்.

சரக்கு போனதை மறந்துவிட்டேன். என்னை ஏமாற்ற எத்தனையோ பொய் இருந்தது. நான் மறுக்கவே முடியாத பெயரை அல்லவா அவர் எடுத்தார்! இன்றும் கிரிவலத்தில் ஈசானிய லிங்கத்தின் முன் கை கூப்பினால், முதலில் வருவது அண்ணன் குரல். அதன் பிறகுதான் சாமி.

இதைப் படிக்கிறவர்கள் நாலு பேருக்குச் சொன்னால் உள்ளபடியே சொல்லுங்கள். அவரை இன்னும் கெட்டவராக்க வேண்டாம். நான் மன்னித்துவிட்டேன் என்றும் சேர்க்க வேண்டாம்.