சுவருக்குப் பாடிய ராசா

புளியந்தீவு மண்டபத்தில் நான் பாடிய கதையை ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். பாடினவன் நான்தானே, நான் சொல்கிறேன், கேளுங்கள்.

அது வெள்ளைக்காரன் காலம். கூத்தில் எனக்கு எப்போதும் ராசா வேடம். என் குரல் வாவிக்கு அக்கரையிலும் கேட்கும் என்பார்கள், பொய்யில்லை. புளியந்தீவு டவுனில் டிறாமாக் கம்பனி நடத்திய ஒருவர், ஆர்மோனியத்தோடு கூத்துப் பாட்டையும் சேர்த்துப் புதுமாதிரி ஒன்று போட ஆசைப்பட்டு என்னைக் கூப்பிட்டார். மத்தளம் அடித்து எங்கள் கூத்தை நடத்தும் அண்ணாவியாருக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. கெஞ்சிக் கூத்தாடித்தான் அவரை அழைத்துப் போனேன்.

“வாறன். ஆனா எங்கட கூத்த அங்க சிரிப்பாக்கினியெண்டா, மறுகா என்ட களரிப் பக்கம் கால் வெக்கப்படாது” என்றார்.

கூத்தாடுகிற களரி இல்லாமல் எனக்கு என்ன வாழ்வு? ஆனாலும் வீம்பு விடுமா?

திரை தூக்கினார்கள். முதல் அடியைச் சபைக்குப் பாடினேன், ஒரே கைதட்டல். களரி என்றால் மண்ணில் வட்டமாகக் கட்டுவது; சனம் சுற்றிவர இருக்கும். ஒரு பக்கம் பாடினால் மற்றப் பக்கங்களுக்கும் திரும்பிப் பாட வேண்டும், இல்லாவிட்டால் கோபித்துக்கொள்வார்கள். பழக்கத்தில் கால் தானாகத் திரும்பிவிட்டது. அடுத்த அடியை ஓரத்துத் திரைச்சீலைக்கும், அதற்கடுத்ததைப் பின்சுவருக்கும் உயிரைக் கொடுத்துப் பாடிக்கொண்டிருக்கிறேன்!

“இஞ்சால கிறுகு கா! சுவருக்கா பாடுறாய்?” என்று என்னைத் திரும்பச் சொல்லி ஒருவன் கத்த, மண்டபமே சிரித்தது. ஆர்மோனியம் நின்றது. அண்ணாவியார் மத்தளத்திலிருந்து கையை எடுத்துவிட்டார். போச்சு, எல்லாம் போச்சு. பிறகு எனக்குக் கோபம் வந்தது பாருங்கள்! சுற்றிவரச் சனம் வேண்டுமென்றால் சனத்துக்கு நடுவில் போக வேண்டியதுதானே!

மீன் பிடிக்கிற கரப்புக் கூடை மாதிரி விரிந்த ராசா உடுப்பை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு மேடையிலிருந்து குதித்தேன். மண்டபத்தின் நடுவில் நின்று அதே பாட்டை அடிவயிற்றிலிருந்து எடுத்தேன். கதிரைகள் கிறீச்சிட்டுத் திரும்பின. முதுகுக்குப் பின்னால் மத்தளம் கேட்டது. அண்ணாவியாரும் இறங்கி வந்துவிட்டார்! ஆர்மோனியக்காரர் மட்டும் பெட்டியைத் தூக்க ஆளில்லாமல் மேடையிலேயே இருந்து வாசித்தார். சிரித்த சனமே எழுந்து நின்று பிற்பாட்டுப் பாடியது. முன்வரிசைத் துரைமார் பின்வரிசையானார்கள். அப்படி ஒரு சந்தோசத்தை நான் என் கலியாணத்திலும் காணவில்லை.

முடிந்ததும், வியர்வை சொட்டச் சொட்ட அண்ணாவியார் முன் போய் நின்றேன். “களரிக்கு வரலாமோ?” என்று கேட்டேன். அவர் மேடையைத் திரும்பிப் பார்த்தார்.

“வா. வரக்குள்ள அந்த ஆர்மோனியக்காரனையும் கூட்டிட்டு வா. பாவம், தனிச்சுப் போய்க் குந்தியிருக்கான்.”